விடை வந்த பிறகும் பாடம் இருக்கிறது: யோசிக்க வைக்கும் கணக்கு வகுப்பைத் திட்டமிடுவது எப்படி?

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நாடு தழுவிய மதிப்பீட்டுத் தேர்வு ஒன்றில் 13 வயது மாணவர்களுக்கு ஒரு கணக்கு கொடுத்தார்கள். ஒரு ராணுவப் பேருந்தில் 36 வீரர்கள் போகலாம்; 1,128 வீரர்களை ஏற்றிப்போக எத்தனை பேருந்துகள் வேண்டும்? சுமார் 70 சதவீத மாணவர்கள் வகுத்தலைச் சரியாகவே செய்துவிட்டார்கள். ஈவு 31, மீதி 12. அதற்குப் பிறகுதான் பிரச்சினை. 29 சதவீதம் பேர் "31, மீதி 12" என்பதையே விடையாக எழுதினார்கள். 18 சதவீதம் பேர் வெறும் 31 என்று எழுதினார்கள். மிஞ்சிய 12 வீரர்கள் எதில் ஏறுவார்கள் என்று அவர்கள் யோசிக்கவில்லை. 32 என்ற சரியான விடைக்கு வந்தவர்கள் 23 சதவீதம்தான்.

இந்தப் பிள்ளைகளுக்கு வகுத்தல் தெரியும். கேள்வியையும் விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இது பொருந்துதா?" என்று பார்க்கும் அரை நிமிடம்தான் விடுபட்டுப்போனது. அந்த அரை நிமிடம் தானாக வராது. யாராவது பழக்க வேண்டும், தினமும் பழக்க வேண்டும், அதற்கு வகுப்பில் நேரம் இருக்க வேண்டும். நேரம் இருக்க வேண்டுமென்றால் ஆசிரியரின் பாடக்குறிப்பில் அது முதலிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். "பிள்ளைகளை யோசிக்க வையுங்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். நாளைக் காலை வகுப்புக்கு இன்று இரவு உட்கார்ந்து எதை எழுதினால் அது நடக்கும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

திரும்பிப் பார்ப்பது என்றால் என்ன?

ஹங்கேரியில் பிறந்த கணிதவியலாளர் ஜார்ஜ் போல்யா, 1945-இல் வெளியான தன் நூலில் ஒரு கணக்கைத் தீர்க்கும் வேலையை நான்கு கட்டங்களாகப் பிரித்தார். கணக்கைப் புரிந்துகொள்வது, வழியைத் திட்டமிடுவது, அதைச் செய்து முடிப்பது, முடித்த பிறகு திரும்பிப் பார்ப்பது. பெரும்பாலான வகுப்புகளில் மூன்றாவது கட்டம்தான் முழு நேரத்தையும் எடுத்துக்கொள்கிறது. விடை வந்ததும் அடிக்கோடு போட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறோம். நான்காவது கட்டத்தில்தான் "விடை சரிதானா? வேறு வழி உண்டா? இதே வழி வேறு எங்கே உதவும்?" என்ற கேள்விகள் வருகின்றன. ஒரு கணக்கில் கற்றது அடுத்த கணக்குக்குப் பயன்படுவது இந்தக் கேள்விகளால்தான்.

யோசனை கடைசியில் மட்டும் வர வேண்டியது என்றும் நினைக்க வேண்டாம். செய்துகொண்டிருக்கும்போதே நின்று பார்ப்பதும் இதில் சேர்த்திதான். ஆலன் ஷோன்ஃபெல்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர், கணக்குப் போடும் மாணவர்களைக் கூர்ந்து கவனித்தவர். பலர் கணக்கைப் படித்தவுடன் ஏதோ ஒரு வழியைப் பிடித்துக்கொண்டு, அது எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டாலும் கடைசிவரை அதையே விடாமல் செய்துகொண்டிருந்ததைப் பார்த்தார். தன் வகுப்பில் அவர் மாணவர்களிடையே நடந்துகொண்டே மூன்று கேள்விகள் கேட்பார்: இப்போது சரியாக என்ன செய்துகொண்டிருக்கிறாய்? ஏன் அதைச் செய்கிறாய்? அது உனக்கு எப்படி உதவப்போகிறது? ஆரம்பத்தில் மாணவர்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கேள்வி வரப்போகிறது என்று தெரிந்த பிறகு, அவர் வருவதற்கு முன்பே தங்களுக்குள் அதைப் பேச ஆரம்பித்தார்கள். ஆசிரியரின் கேள்வி மாணவரின் பழக்கமாக மாறுவது இப்படித்தான்.

பாடக்குறிப்பில் யாரைப் பற்றி எழுதுவது?

வழக்கமான பாடக்குறிப்பைப் பாருங்கள். "ஆசிரியர் அறிமுகப்படுத்துவார், விளக்குவார், எடுத்துக்காட்டு தருவார், பயிற்சி கொடுப்பார்" என்றுதான் இருக்கும். எல்லா வினைச்சொல்லும் ஆசிரியருடையவை. யோசிக்க வைக்கும் பாடத்தைத் திட்டமிட நான் முதலில் சொல்லும் மாற்றம் ஒன்றுதான்: பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் நீங்கள் கேட்கப்போகும் கேள்வி. வலப்பக்கம் அதைக் கேட்டதும் பிள்ளைகளின் மனதில் என்னென்ன ஓடும் என்று உங்கள் ஊகம். தப்பான யோசனைகளும் அதில் வர வேண்டும், அவைதான் முக்கியம். இந்த வலப்பக்கம் நிறைந்தால் மற்றதெல்லாம் தன்னால் அமையும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு இதை முழுவதும் செய்து பார்ப்போம். 2/3, 3/4 ஆகிய இரண்டு பின்னங்களில் எது பெரியது? இரண்டு வெவ்வேறு வழிகளில் காட்டு.

"இரண்டு வழிகளில்" என்ற அந்தச் சின்னச் சேர்க்கையைக் கவனியுங்கள். ஒரு வழி போதும் என்றால், விதி தெரிந்த மாணவர் அரை நிமிடத்தில் முடித்துவிட்டு பேனாவைக் கீழே வைத்துவிடுவார். இரண்டாவது வழி கேட்டால் அவரும் யோசித்தாக வேண்டும். விதி தெரியாத மாணவருக்கும் படம் வரைந்து தொடங்க ஒரு வாசல் திறந்திருக்கிறது. எல்லோரும் நுழைய முடிகிற, ஆனால் சட்டென்று முடிந்துவிடாத கேள்வியாகத் தேடுங்கள்.

சரி, வலப்பக்கத்தில் என்ன எழுதுவீர்கள்? சிலர் பொதுப் பகுதி 12 எடுத்து 8/12, 9/12 என்று மாற்றுவார்கள். சிலர் வகுத்து 0.666…, 0.75 என்று எழுதுவார்கள். சிலர் இரண்டு செவ்வகப் பட்டைகள் வரைந்து நிழலிடுவார்கள். அவற்றில் சில படங்களில் இரண்டு பட்டைகளும் வெவ்வேறு நீளத்தில் இருக்கும், ஒப்பிட முடியாமல் போகும். ஒருவர் "ரெண்டும் சமம், ரெண்டிலும் ஒரு துண்டுதான் குறையுது" என்பார். இன்னொருவர் அதே குறையும் துண்டைப் பார்த்து, "குறைவது 1/3, இங்கே குறைவது 1/4, கால் சின்னது, அதனால் 3/4 பெரியது" என்பார். கடைசியாக ஒருவர் இருப்பார்: "3 என்பது 2-ஐ விடப் பெரியது, 4 என்பது 3-ஐ விடப் பெரியது, அதனால் 3/4 பெரியது." விடை சரி, காரணம் தப்பு. விடையை மட்டும் திருத்தும் வகுப்பில் இவருக்கு ஒரு டிக் விழும், தப்பான யோசனை மேலும் உறுதிப்படும். உங்கள் ஊகப் பட்டியலில் இவர் இருந்தால்தான் இவரைப் பிடிக்க முடியும்.

ஒவ்வொரு ஊகத்துக்கும் எதிரே ஒரு மறுகேள்வி எழுதி வையுங்கள். "எண்கள் பெரியது, அதனால் பின்னம் பெரியது" என்பவருக்கு: 3/8, 2/3 இரண்டில் எது பெரியது? அவருடைய வழியில் போனால் 3/8 பெரியதாக வேண்டும். ஆனால் 3/8 அரையைவிடக் குறைவு, 2/3 அரையைவிட அதிகம். நீங்கள் தப்பு என்று சொல்ல வேண்டியதே இல்லை. அவருடைய யோசனையே அவரிடம் கேள்வி கேட்கும்.

"சமம்" என்ற பிள்ளையிடம் நடக்கும் பேச்சு இப்படி இருக்கலாம்:

"ரெண்டிலும் ஒரு துண்டுதான் டீச்சர் குறையுது. அப்போ சமம்தானே?"

"முழுசாக ஆக எவ்வளவு வேணும், வரைஞ்சு காட்டு."

"இதுல இந்தத் துண்டு. இதுல இந்தத் துண்டு."

"ரெண்டு துண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வைச்சா?"

"…இது கொஞ்சம் பெரிசா இருக்கு டீச்சர். அப்போ இதுலதான் அதிகமா குறையுது."

இதில் டீச்சர் ஒரு தகவலைக்கூடச் சொல்லவில்லை. பிள்ளை கவனித்த விஷயத்தையே எடுத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்க்க வைத்தார், அவ்வளவுதான். "ஒரு துண்டு குறைகிறது" என்ற கவனிப்பு உண்மையில் அருமையானது. துண்டின் அளவை மட்டும் சேர்த்துக்கொண்டால் அதுவே இந்தக் கணக்கின் மிக அழகான வழியாகிவிடுகிறது. தப்பான யோசனைக்குள் பாதி சரியான யோசனை இருப்பதை அடிக்கடி பார்க்கலாம். முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் வகுப்பின் சந்தடியில் அதைத் தவறவிட மாட்டோம்.

அப்புறம், யாருடைய வழியை முதலில் போர்டில் எழுதச் சொல்வது? யார் கை தூக்குகிறாரோ அவரை அழைப்பது சுலபம். ஆனால் பொதுப் பகுதி முறை முதலில் வந்துவிட்டால் பாதி வகுப்பு "ஓ, இதுதான் சரியான முறை" என்று மற்றதைக் கேட்பதை நிறுத்திவிடும். நானாக இருந்தால் படத்தை முதலில் வைப்பேன், அதுவும் சம நீளம் இல்லாத பட்டைப் படத்தை, வரைந்தவர் பெயரைச் சொல்லாமல். பிறகு "சமம்" என்ற வாதம், பிறகு 1/3, 1/4 வாதம், கடைசியில் பொதுப் பகுதி. மார்கரெட் ஸ்மித், மேரி கே ஸ்டெயின் ஆகிய கல்வியாளர்கள் இந்த வேலையை ஐந்து படிகளாகச் சொல்கிறார்கள்: முன்னூகித்தல், சுற்றி வந்து கவனித்தல், தேர்ந்தெடுத்தல், வரிசைப்படுத்தல், இணைத்தல். இதில் முதல் படி வீட்டிலேயே முடிந்துவிடுகிறது என்பதுதான் புதிய ஆசிரியருக்குப் பெரிய ஆறுதல். வகுப்பில் எல்லாவற்றையும் அந்த நொடியில் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

சீக்கிரம் முடிப்பவர்களுக்கு இன்னும் பத்துக் கணக்கு கொடுப்பதைவிட, இதே கணக்கைத் தோண்டும் ஒரு கேள்வியை வைத்திருங்கள். 2/3-இன் தொகுதியிலும் பகுதியிலும் 1 கூட்டினால் 3/4 வருகிறது, பின்னம் பெரிதாகிறது. எப்போதும் இப்படித்தானா? 1/2, 2/3, 3/4, 4/5 என்று ஏறிக்கொண்டே போவதைப் பார்த்ததும் மாணவர் "ஆமாம், எப்போதும்" என்பார். 5/3-ஐ முயன்று பார்க்கச் சொல்லுங்கள். 6/4 கிடைக்கும், 1.66…-இலிருந்து 1.5-க்கு இறங்கிவிட்டது! ஏன்? முன்பு "குறையும் துண்டு" என்று பேசினோமே, அதுவே இங்கே பதில் தருகிறது. 2/3-இல் முழுமைக்குக் குறைவது 1/3. 1 கூட்டியதும் அது 1/4 ஆகச் சுருங்குகிறது, அதனால் பின்னம் 1-ஐ நோக்கி ஏறுகிறது. 5/3-இல் முழுமைக்கு மேல் மிகுவது 2/3. அது 2/4 ஆகச் சுருங்குகிறது, அதனால் பின்னம் 1-ஐ நோக்கி இறங்குகிறது. இரண்டும் 1-ஐ நோக்கித்தான் நகர்கின்றன. 4/4 மட்டும் 5/5 ஆகி அதே இடத்தில் நிற்கிறது. எது பெரியது என்று தொடங்கிய கேள்வி பத்தே நிமிடத்தில் இங்கே வந்து சேர்ந்துவிட்டது. இந்த இடத்துக்கு வந்த மாணவரின் முகத்தைப் பார்ப்பதற்காகவே கணக்கு ஆசிரியராக இருக்கலாம்.

காப்பாற்ற ஓடாதீர்கள்

நல்ல கேள்வியைத் திட்டமிட்டுவிட்டோம். வகுப்பில் அது எப்படிக் கெட்டுப்போகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏழு நாடுகளின் 8-ஆம் வகுப்புக் கணிதப் பாடங்களைப் படம்பிடித்து ஆராய்ந்த டிம்ஸ் (TIMSS) என்ற பன்னாட்டுக் கணித, அறிவியல் ஆய்வின் 1999 காணொளிப் பகுதியில் இது தெளிவாகத் தெரிந்தது. அமெரிக்க வகுப்புகளில் கொடுக்கப்பட்ட கணக்குகளில் சுமார் 17 சதவீதம், கருத்துகளை ஒன்றோடொன்று தொடர்புபடுத்தச் சொல்பவையாகத்தான் இருந்தன. ஆனால் வகுப்பில் செய்து முடிக்கும்போது அவையும் ஏறக்குறைய எல்லாமே வெறும் செய்முறைப் படிகளாகவோ விடையை மட்டும் சொல்வதாகவோ மாறிவிட்டன. கேள்வித்தாளில் இருந்த ஆழம் நடத்தும்போது கரைந்துபோயிற்று.

இதற்குக் காரணம் சோம்பல் இல்லை, பரிவுதான். மாணவர் திணறுகிறார், வகுப்பு அமைதியாகிறது, ஆசிரியருக்கு மனம் தாங்கவில்லை. "சரி, 3-க்கும் 4-க்கும் மீ.பொ.ம. என்ன? 12. அப்போ மேலே எதால் பெருக்கணும்?" என்று சின்னச் சின்னக் கேள்விகளாக உடைத்துக் கொடுத்துவிடுகிறார். விடை வந்துவிடும். யோசித்தவர் ஆசிரியர், பெருக்கியவர் மாணவர். இந்தச் சபலத்துக்கும் பாடக்குறிப்பில்தான் மருந்து வைக்க வேண்டும். திணறும் மாணவரிடம் முதலில் என்ன சொல்வேன் என்று ஒரே ஒரு வரி எழுதி வையுங்கள். அது வழியைச் சொல்லிக்கொடுக்காத வரியாக இருக்கட்டும். "கேள்வியை உன் வார்த்தையில் சொல்லு", "இதைவிட எளிய எண் போட்டுப் பார்", "இதுவரை உனக்கு உறுதியாகத் தெரிந்தது என்ன?" இந்த மூன்றே பெரும்பாலான நேரம் போதும்.

அமைதியைப் பற்றி இன்னொன்று. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தபோது, கேள்வி கேட்ட பின் ஆசிரியர்கள் சராசரியாக ஏறக்குறைய ஒரு விநாடிதான் காத்திருந்தது தெரிந்தது. அதை 3 விநாடிகள் அல்லது அதற்கு மேல் நீட்டியதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன, பதில் சொல்லாமல் இருப்பவர்கள் குறைந்தார்கள், தாமாகக் காரணம் சொல்வது கூடியது. பதில் வந்த பிறகு காத்திருப்பதையும் அவர் இதே அளவு முக்கியமாகச் சொன்னார். "சரி" என்றோ "வெரி குட்" என்றோ உடனே சொல்லாமல் 3 விநாடிகள் நின்று பாருங்கள். பதில் சொன்னவர் தானாகவே "ஏன்னா…" என்று தொடர்வார். கணக்குக்கு 3 விநாடிகள்கூடக் குறைவுதான். இரண்டு நிமிடம் தனியாக எழுதவும், பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் பேசவும் விட்டு, அதன் பின் வகுப்பைக் கேட்பது நல்லது. தனியாக எழுதும் அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் ஜோடியில் வேகமானவர் பேசுவார், மற்றவர் தலையாட்டுவார்.

கடைசி எட்டு நிமிடம்

45 நிமிட பீரியடில் முதலில் வெட்டுப்படுவது கடைசிப் பகுதிதான். அதனால் திட்டமிடும்போது கடைசியிலிருந்து தொடங்குங்கள். எட்டு நிமிடம் திரும்பிப் பார்ப்பதற்கு என்று ஒதுக்கிவிட்டு, மிச்சம் 37 நிமிடத்துக்கு எத்தனை கணக்கு தாங்கும் என்று பாருங்கள். ஒன்று, அதிகம் போனால் இரண்டு. மணி அடிக்கும்போது "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று கேட்டு "புரிஞ்சுது" என்ற கோரஸைக் கேட்டுவிட்டுப் போவதால் யாருக்கும் எதுவும் தெரியவராது.

அந்த எட்டு நிமிடத்தில் என்ன எழுதச் சொல்வது? "இன்று என்ன கற்றாய்?" என்று கேட்டால் "பின்னங்களை ஒப்பிடுதல்" என்று பாடத் தலைப்பைத் திருப்பி எழுதுவார்கள். கேள்வி குறிப்பாக இருந்தால்தான் பதிலும் குறிப்பாக வரும். இன்று உன் எண்ணம் எந்த இடத்தில் மாறியது, எதைப் பார்த்து மாறியது? போர்டில் உள்ள வழிகளில் உனக்குத் தோன்றாத ஒன்றை எடுத்து, இன்று வகுப்புக்கு வராதவருக்கு விளக்குவதுபோல் எழுது. "குறையும் துண்டு" வழி சுலபமாக உதவாத இரண்டு பின்னங்களைக் கண்டுபிடி. இந்தக் கடைசிக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. 5/8, 6/10 என்று ஒருவர் எழுதினால், குறைவது 3/8, 4/10; அவற்றில் எது சிறியது என்று பார்த்ததும் சொல்ல முடியாது, பொதுப் பகுதிக்குத்தான் போக வேண்டும். ஒரு வழியின் எல்லையைத் தெரிந்தவருக்குத்தான் அந்த வழி உண்மையில் சொந்தம்.

திரும்பிப் பார்க்க, பார்ப்பதற்கு ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். ஜப்பானியப் பள்ளிகளில் கணக்குப் பாடத்தின் தொடக்கக் கேள்வியிலிருந்து மாணவர்களின் வெவ்வேறு வழிகள் வரை எல்லாமே போர்டில் அழியாமல் வரிசையாக இருக்கும்படி எழுதுவார்கள். இதைப் 'பன்ஷோ' என்பார்கள். போர்டில் எது எங்கே வரும் என்று முன்கூட்டியே வரைந்து பார்ப்பதும் அவர்கள் தயாரிப்பில் சேரும். நாமும் செய்யலாம். பாடக்குறிப்பின் பின்பக்கத்தில் போர்டை ஒரு செவ்வகமாக வரைந்து, கேள்வி இங்கே, படம் இங்கே, வாதங்கள் இங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். தப்பான வாதத்தையும் அழிக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள் போதும்.

பாடம் முடிக்க வேண்டாமா?

வேண்டும். தினமும் இப்படி நடத்த முடியாது, நடத்தவும் தேவையில்லை. வாய்ப்பாடும் செய்முறைப் பயிற்சியும் இல்லாமல் ஆழமான யோசனையும் நிற்காது. பெருக்கத் தடுமாறும் மாணவருக்கு யோசிக்க மனதில் இடமே மிஞ்சாது. வாரத்துக்கு ஒரு பாடம் முழுமையாக இப்படித் திட்டமிட்டால் தொடக்கத்துக்குப் போதும். மற்ற நாட்களில் புத்தகக் கணக்குகளையே கொஞ்சம் திருப்பிப் போடலாம். "5, 7, 9, 11 ஆகியவற்றின் சராசரி என்ன?" என்பதற்குப் பதிலாக, "நான்கு எண்களின் சராசரி 8. அந்த எண்கள் என்னவாக இருக்கலாம்? அவற்றில் ஒன்று 20 ஆக இருக்க முடியுமா? 40?" என்று கேளுங்கள். கூட்டுத்தொகை 32 என்பதை மாணவரே கண்டுபிடித்தாக வேண்டும். 40-க்கு வந்ததும் குறை எண்களைப் பற்றிய பேச்சு தானாக வரும். பத்துப் பயிற்சிக் கணக்கு கொடுத்தால், போடத் தொடங்கும் முன் "இதில் எது உனக்குக் கஷ்டமாக இருக்கும், ஏன்?" என்று ஒரு நிமிடம் கேளுங்கள். முடித்த பிறகு அந்த ஊகம் சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் தனிப் பீரியட் வேண்டாம்.

எழுதி வாங்கிய நோட்டுகளை மதிப்பெண் போட்டுத் திருத்த வேண்டாம். மதிப்பெண் வந்ததும் பிள்ளைகள் உண்மையை எழுதுவதை விட்டு, ஆசிரியருக்குப் பிடித்ததை எழுத ஆரம்பித்துவிடுவார்கள். வேகமாக ஒரு பார்வை பார்த்து மூன்று அடுக்காகப் பிரியுங்கள்: காரணம் தெளிவாக இருப்பவை, விடை மட்டும் இருப்பவை, தப்பான காரணம் தெளிவாக இருப்பவை. மூன்றாவது அடுக்கில் ஒன்றையும் முதல் அடுக்கில் ஒன்றையும் தேர்ந்தெடுத்து, பெயர் இல்லாமல் அப்படியே நகலெடுத்துக்கொள்ளுங்கள். நாளைய பாடக்குறிப்பின் இடப்பக்கத்தில் முதல் கேள்வியாக எழுத வேண்டியது இதுதான்: "நேற்று இரண்டு பேர் இப்படி எழுதியிருக்கிறார்கள். யாரோடு ஒத்துப்போகிறாய், ஏன்?"